கூலிக்கு வரும் பணிவிடையும் நம் பொறுப்பும்

சென்ற ரமலானுக்குச் சில நாட்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஒரு தம்பி வந்து ஸலாம் சொல்லி அருகில் உட்கார்ந்தார். நர்ஸிங் படித்தவர், சவூதியில் ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியிருப்பவர். வீடுகளுக்கு நர்ஸுகளையும் ஆயாக்களையும் அனுப்பி வைக்கும் ஏஜென்ஸி ஒன்றைத் தொடங்கப் போவதாகச் சொன்னார். "ஹஜ்ரத், இதைத் திறமையாக நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஹலாலாக நடத்துவது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

நாம் அன்று அவருக்குப் பதில் சொல்லவில்லை. "கிதாபுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், தம்பி" என்று அனுப்பிவிட்டோம். அவர் கேட்டது இரண்டு கேள்வியா, ஒரே கேள்வியா என்பதில் நமக்கு ஐயம் இருந்தது. அன்றியும், இந்த விஷயத்தில் வாய் திறக்க நமக்குத் தகுதி உண்டா என்ற கூச்சமும் இருந்தது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்வோம்.

நம் ஊர்களின் நிலை வாசகர்களுக்குத் தெரியாததன்று. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் எத்தனையோ பெரிய வீடுகளில் வயதான உம்மாவும் வாப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரால் அவரைத் தூக்கி உட்கார வைக்கக்கூட முடியாது. பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள். பணத்துக்குத் தூக்கிவிடத் தெரியாது. அப்போதுதான் ஏஜென்ஸிக்குப் போன் பறக்கிறது. மறுநாள் காலையில் ஒரு பையோடு, முன்பின் அறியாத ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். அன்று முதல் அந்த வீட்டின் மிகப் பெரிய அமானிதம் அவள் கையில்.

முதல் கேள்வி, இப்படிச் செய்வது கூடுமா என்பது. பெற்றோரின் பணிவிடையைக் கூலிக்கு விடுவது பிள்ளையின் கடமையை நீக்குமா?

சூரா பனீ இஸ்ராயீலில் பெற்றோரைப் பற்றிக் கட்டளையிடும் இடத்தில், அவர்கள் முதுமை அடைவதைக் கூறும்போது அல்லாஹு தஆலா 'இன்தக' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறான். 'உம்மிடத்தில்' என்பது அதன் பொருள். முதுமை என்பது எங்கோ ஓரிடத்தில் நிகழ்வதன்று. பிள்ளையின் அருகில், அவனுடைய பொறுப்பின் கீழ் நிகழ வேண்டியது என்பதை அந்தச் சொல் காட்டுகிறது. சலிப்பைக் காட்டும் மிகச் சிறிய ஒலியைக்கூட அவர்களை நோக்கி எழுப்பக் கூடாது என்ற தடை அதற்கு அடுத்தே வருகிறது. ஏன்? சலிப்பு அருகில் இருப்பவனுக்குத்தான் வரும். துபாயிலிருந்து போன் பேசுகிறவனுக்கு என்ன சலிப்பு! அந்தத் தடை, அருகில் இருந்து அள்ளித் துடைப்பவனை நோக்கிச் சொல்லப்பட்டது.

ஆயினும், இதை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் வைப்பதே பாவம் என்று சிலர் பேசுவது சரியன்று. மூத்திரக் குழாயை மாற்றுவதும், மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்துவதும், இன்சுலின் ஊசி போடுவதும் பழகியவர் செய்ய வேண்டிய காரியங்கள். மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும், கொடுத்த பின்பும் அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதை அறியாத மகன், பாசத்தோடு கஞ்சி ஊற்றி அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடுவான். இதற்குப் பெயர் பணிவிடையன்று. தனக்குத் தெரியாத வேலைக்குத் தெரிந்தவரைக் கொண்டுவருவது அவன்மீது கடமையாகக்கூட ஆகலாம். தடை எங்கே வருகிறது என்றால், கைகளை மட்டும் கூலிக்கு அமர்த்தியவன், தன் நெஞ்சையும் கூலிக்கு விட்டுவிட்டதாக எண்ணும்போது வருகிறது. கைக்குப் பதில் கை உண்டு. மகனுக்குப் பதில் மகன் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் வீடுகளில் நோயாளியைப் பார்ப்பது பெண்கள் வேலை என்று ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. மகன் வேலைக்குப் போவான், மருமகள் பார்ப்பாள், மருமகளால் முடியாவிட்டால் ஆயா. ஹிஜ்ரி 2-இல் பத்ரு யுத்தத்துக்குப் படை புறப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் புறப்படவில்லை. அவர்களுடைய மனைவியும் நாயகம் (ஸல்) அவர்களின் மகளுமான ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அருகில் இருந்து கவனிக்கும்படி ரஸூலுல்லாஹ்வே பணித்து, பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்று அறிவித்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. ஓர் ஆண் மகன் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்ததற்குப் பத்ரின் பங்கு! இதைப் பயானில் சொன்னால் தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய் "தண்ணி கேக்குறாங்க, யாராவது பாருங்க" என்று கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறார்கள்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம்.

குகையில் அகப்பட்ட மூவரின் ஹதீஸை அறியாதவர் நம்மில் இல்லை. பாறை விழுந்து வாசல் அடைபட்டது. ஒவ்வொருவரும் தாம் அல்லாஹ்வுக்காகச் செய்த ஒரு நற்செயலைச் சொல்லித் துஆச் செய்தார். பாறை சிறிது சிறிதாக விலகியது. ஒருவர், உறங்கிவிட்ட வயதான பெற்றோர் விழிக்கும்வரை பால் பாத்திரத்தை ஏந்தியபடி விடிய விடிய நின்றவர். ஒருவர், வறுமையால் தம்மிடம் உதவி தேடி வந்த பெண்ணைத் தீண்ட நெருங்கி, அவள் அல்லாஹ்வை நினைவூட்டியதும் எழுந்துவிட்டவர். மற்றொருவர், கூலியை வாங்காமல் போய்விட்ட தொழிலாளியின் சிறிதளவு தானியத்தை விதைத்துப் பெருக்கி, ஆண்டுகள் கழித்து அவன் வந்து கேட்டபோது மாடுகளையும் அவற்றின் மேய்ப்பனையும் சேர்த்துக் கொடுத்தவர்.

மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதியபோது இவற்றை மூன்று தனித்தனி மனிதர்களின் மூன்று அமல்களாகவே நாம் எண்ணியிருந்தோம். நர்ஸ் வந்து தங்கும் ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மூன்றும் அந்த ஒரே வீட்டில் கூடி நிற்கின்றன. படுக்கையில் பெற்றோர். வறுமையால் வேலைக்கு வந்து, இரவில் பிறர் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு பெண். மாத முடிவில் கொடுக்க வேண்டிய கூலி. ஏஜென்ஸி நடத்துகிறவர் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார். ஒன்றில் தவறினாலும் பாறை நகராது.

கூலியை முதலில் பார்ப்போம். ஏனெனில் அதிகமாகக் கெட்டுப்போவது அங்கேதான். இஜாராவில் வேலை இன்னது, காலம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அரிச்சுவடி. மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்திய பெரியவர்கூட, எட்டு ஆண்டு என்று வரையறுத்து, பத்தாக்குவது உம் விருப்பம் என்று பிரித்துச் சொன்னதாகச் சூரா கஸஸில் காண்கிறோம். நம் ஊரில் நடப்பது என்ன? "ஒரு பெரியவரைப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்று அனுப்பி வைக்கிறார்கள். போன பிறகு பெரியவரோடு அவர் வீட்டுப் பாத்திரமும் துணியும் பேரப்பிள்ளையும் சேர்ந்துகொள்கின்றன. அவளும் வேலை போய்விடுமோ என்று வாய் திறக்க மாட்டாள். ஆகவே அந்தத் தம்பிக்கு நாம் சொல்லும் முதல் யோசனை: ஆளை அனுப்புமுன் நீங்களோ, விவரம் அறிந்த ஒரு நர்ஸோ அந்த வீட்டுக்குப் போய் நோயாளியைப் பாருங்கள். குழாய் உண்டா, புண் உண்டா, எடை எவ்வளவு, தூக்க எத்தனை பேர் வேண்டும், இரவில் வீட்டில் வேறு யார் இருப்பார்கள், வருகிறவள் எங்கே உறங்குவாள், எந்தக் குளியலறை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாண்டு நர்ஸிங் டிப்ளமா படித்து கவுன்சிலில் பதிவு செய்தவர் வேறு. சில வாரம் பழகிய ஆயா வேறு. ஆயாவுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி நர்ஸ் என்று அனுப்பி, நர்ஸின் தொகையை வாங்குவது, ஈரத் தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பிய வியாபாரியின் வேலை. அப்படி மோசம் செய்தவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

அடுத்தது, ஏஜென்ஸிக்காரர் தாம் யார் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வீட்டாரையும் நர்ஸையும் சேர்த்து வைத்துவிட்டு ஒரு முறை தரகு வாங்கிக்கொண்டு விலகுகிறவரா? அல்லது நர்ஸைத் தாமே கூலிக்கு அமர்த்தி, அவளுடைய சேவையை வீட்டாருக்குக் கொடுத்து மாதந்தோறும் பணம் வாங்குகிறவரா? இரண்டும் கூடும். ஆனால் இலாபத்துக்கு முதலாளியாகவும் நஷ்டத்துக்குத் தரகராகவும் இருப்பது கூடாது. வீட்டார் பணம் தரவில்லை, ஆகவே உனக்குச் சம்பளம் இல்லை என்று நர்ஸிடம் சொல்லும் ஏஜென்ஸிகள் உண்டு. அவளை அமர்த்தியவர் அவர் என்றால் அவளுக்குக் கடன்பட்டவரும் அவரே. வீட்டார் கொடுப்பதும் கொடுக்காததும் அவருக்கும் வீட்டாருக்கும் இடையிலுள்ள வழக்கு. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருக்கிறான் என்ற ஹதீஸ் குத்ஸியில், வீட்டார் கொடுக்கவில்லை என்ற விலக்கு ஏதும் இல்லை.

இன்னொன்று: வேலையை விட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக நர்ஸின் அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கம். அது அவளுடைய பொருள். அடமானமாக வாங்க அவள் கடனாளியல்லள். நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அடையாளச் சான்றுகளைச் சரிபாருங்கள், முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள். அது வீட்டாருக்குச் செய்யும் கடமை. அசலைப் பறித்து வைப்பது பலாத்காரம். ஆள் ஏன் ஓடுகிறாள் என்பதை விசாரிக்கும் ஏஜென்ஸியில் ஓடுகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இப்போது நாம் சொல்லக் கூசிய விஷயத்துக்கு வருகிறோம்.

2022-இல் நம் வாப்பா பக்கவாதத்தால் படுத்தார்கள். ஏழு மாதம் கட்டிலில் இருந்து அல்லாஹ்விடம் சேர்ந்தார்கள். நமக்கோ மதரஸாவில் பாடம், பள்ளியில் ஐந்து நேரத் தொழுகை, வெள்ளி பயான். நம் உம்மா முன்பே மௌத்தாகிவிட்டார்கள். பக்கத்து நகரத்து ஏஜென்ஸி ஒன்றிலிருந்து பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு பெண்களை அனுப்பினார்கள். நம் மனைவியும் பிள்ளைகளும் வீட்டில் இருந்ததால் தனிமை என்ற பிரச்சினை எழவில்லை. பகலில் வந்த அக்கா கன்னியாகுமரிப் பக்கம், கிறிஸ்தவர், நாற்பதைக் கடந்தவர். வாப்பாவை "ஐயா" என்றும் நம்மை "பாய்" என்றும் அழைப்பார். வாப்பா அவரை "மகளே" என்பார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்று ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு எழுதி வைப்பார். நான்கு மாதம் வாப்பாவின் உடம்பில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை.

ஐந்தாம் மாதம் ஒரு மாலை, இரவுக்கு வர வேண்டியவர் வரவில்லை. ஏஜென்ஸியில் கேட்டால், "அனுப்புகிறோம், அனுப்புகிறோம்" என்றார்கள். அந்த அக்காவே அன்றிரவும் இருந்தார். மறுநாள் பகலும் அவருடைய முறை, அதையும் பார்த்தார். இரண்டாம் இரவும் ஆள் வரவில்லை. "நீங்களே இருந்துவிடுங்கள் அக்கா, கூடுதலாகப் பணம் தந்துவிடுகிறோம்" என்று நாம்தான் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் அசைத்தார். நாம் இஷாவை முடித்து வந்து, அடுத்த அறையில் படுத்துவிட்டோம்; பஜ்ருக்கு எழ வேண்டுமே!

தஹஜ்ஜுதுக்கு எழுந்து, உளூச் செய்துவிட்டு, வாப்பாவின் அறையை எட்டிப் பார்த்தோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கிக் கிடந்தார். நோட்டில் இரவு பத்து மணிக்குப் பின் கோடு இல்லை. வாப்பா அதே பக்கமாகக் கிடந்தார்கள்; விரிப்பு நனைந்திருந்தது. நாம் அவரை எழுப்பி, இங்கே எழுதத் தகாத வார்த்தைகளால் ஏசினோம். இதற்கா உங்களுக்குச் சம்பளம் என்றோம். அவர் நடுங்கி எழுந்து விரிப்பை மாற்றத் தொடங்கினார். அப்போது வாப்பா, கோணிய வாயால், குழறிக் குழறிச் சொன்னார்கள்: "அந்தப் பிள்ளையை ஏசாதே. நீ எங்கே இருந்தே?"

இரண்டு நாளில் இடுப்பெலும்பின் மேல் சிவந்தது. ஒரு வாரத்தில் புண்ணானது. அந்தப் புண் வாப்பாவோடு கப்ருக்குப் போயிற்று.

யார் மீது குற்றம்? கூலிக்கு அமர்த்தப்பட்டவரின் கை அமானிதக் கை. அவர் எல்லை மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோ தவிர நஷ்டத்துக்குப் பொறுப்பாளியாக மாட்டார் என்று ஓதியிருக்கிறோம். உறங்கியது கவனக்குறைவுதானே என்று அந்த இரவில் நம் நஃப்ஸ் வாதாடியது. ஆனால் அதே இஜாராப் பாடத்தில் இன்னொரு மஸ்அலாவும் உண்டு. ஓர் ஊர்வரை என்று பேசி வாடகைக்கு எடுத்த சவாரிப் பிராணியை, பேசிய இடத்தைத் தாண்டி ஓட்டிச் சென்று அது வழியில் விழுந்து செத்தால், ஓட்டியவன்தான் எல்லை மீறியவன். நஷ்டமும் அவன் மேல்தான். வாயில்லாப் பிராணிக்கே இது சட்டம். பன்னிரண்டு மணி நேரம் என்று பேசிய ஒரு பெண்ணை இரண்டு பகலும் ஒன்றரை இரவும் ஓட்டியவர்கள் ஏஜென்ஸிக்காரரும் நாமும். விழுந்தது அவளுடைய கண் இமை மட்டும்தான். அடுத்த அறையில் ஆறு மணி நேரம் நிம்மதியாக உறங்கி எழுந்தவர், அந்தக் கட்டிலில் கிடந்தவரின் மகன்.

பால் பாத்திரத்தோடு விடியும்வரை நின்றவரின் கதையை எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறோம்!

ஆகவேதான் அந்தத் தம்பி 'திறமையாக', 'ஹலாலாக' என்று பிரித்தபோது நமக்கு ஐயம் வந்தது. மாற்று ஆள் வைத்திருப்பது திறமையைச் சேர்ந்த காரியம் என்று அவர் நினைத்திருக்கலாம். அது ஹலால் ஹராமைச் சேர்ந்தது. பத்து வீடுகளுக்கு ஆள் அனுப்புகிறவரிடம் பத்துப் பேர் மட்டும் இருந்தால், அவர் நிறைவேற்ற முடியாத வாக்கை விற்கிறார். ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தியின் பிள்ளைக்குப் பரீட்சை, ஒருத்தியின் ஊரில் மரணம். இவை எதிர்பாராதவையல்ல, எந்த நாள் என்பதுதான் தெரியாது. எனவே கையில் இரண்டொரு ரிலீவர்களை வைத்து, வேலையில்லாத நாளுக்கும் அவர்களுக்கு ஏதேனும் கொடுத்து வர வேண்டும். குறித்த நேரத்துக்குத் தன்னை ஒப்படைத்துக் காத்திருக்கும் தனிப்பணியாளர், செய்ய வேலை இல்லாவிட்டாலும் கூலிக்கு உரியவர் என்று ஹனஃபிக் கிதாபுகளில் தெளிவாக இருக்கிறது. அதற்கு ஆகும் செலவை வீட்டாரிடம் வாங்கும் தொகையில் வெளிப்படையாகச் சேர்க்கட்டும். மலிவாகச் சொல்லி ஆளைப் பிடித்துவிட்டு, அந்த மலிவை ஒரு நர்ஸின் உறக்கத்திலிருந்து எடுப்பதைவிட அது மேல். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளர் திடீரென்று போய்ப் பார்க்கட்டும். நோயாளியின் முதுகைப் பார்க்கட்டும், நர்ஸ் சாப்பிட்டாளா என்றும் பார்க்கட்டும். ஆள் மாறும்போது மருந்து, உணவு, மலஜலம், புரட்டிய நேரம் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். அறுப்பதற்கென்று வைத்த பிராணியிடத்திலும் அழகிய முறையைக் கைக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இது. கத்தியைத் தீட்டிக்கொள் என்று சொன்னது அந்த ஹதீஸ்தான். ஆயத்தமில்லாமல் ஒரு காரியத்தில் இறங்குவதே ஒருவகை வதை என்பது அதிலிருந்து விளங்கும்.

பெண்ணின் கண்ணியத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மார்க்கம் அறிந்த விஷயம். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் அனுப்புவதே அடிப்படை. அது இயலாதபோது நிர்ப்பந்தம் அனுமதிக்கிறது; அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவுதான். மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர் கையில் துணி சுற்றிக்கொள்கிறாரே, உயிரோடிருப்பவருக்கு அந்த மரியாதை அதிகமாகவே உரியது. வேறு யாருமில்லாத வீட்டில் ஓர் ஆணோடு ஒரு பெண்ணை இரவில் தங்க அனுப்பாதிருப்பது ஏஜென்ஸிக்காரரின் கடமை. பெரிய தொகை கிடைத்தாலும் சரி, நோயாளி எண்பது வயதுக்காரர் என்றாலும் சரி. எண்பது வயதுக்காரரின் மகனும் பேரனும் அந்த வீட்டுக்கு வந்து போவார்களன்றோ! "அந்த வீட்டுக்கு இனிப் போக மாட்டேன்" என்று ஒருத்தி காரணம் சொல்லாமல் சொன்னால், காரணம் கேட்டு வற்புறுத்தாமல் அவளை மாற்றுங்கள். ஆண் நர்ஸுகள் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார்கள் என்பதையும் நம் இளைஞர்களின் காதில் போட்டு வைக்கிறோம்.

முஸ்லிம் நர்ஸ்தான் வேண்டும் என்று சில வீட்டார் பிடிவாதம் செய்கிறார்கள். கிடைத்தால் நல்லது. யுத்தகளங்களில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி), ஏழு யுத்தங்களில் உடன் சென்ற உம்மு அதிய்யா (ரலி), அகழ் யுத்தத்தின்போது பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்து நோயாளிகளைப் பார்த்த ருஃபைதா (ரலி) ஆகியோரின் சமுதாயத்தில், நர்ஸிங் படிக்கப் பெண்ணை அனுப்புவது கௌரவக் குறைவு என்று எண்ணியவர்களும் நாமே. இப்போது முஸ்லிம் நர்ஸ் எங்கே என்று தேடுகிறவர்களும் நாமே. கிடைக்காதபோது மற்றவர் வருவதில் தவறென்ன? ஹிஜ்ரத்தின்போது, உயிருக்கே விலை பேசப்பட்டிருந்த வேளையில், குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்த ஒருவரைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் நம்பிக் கூலிக்கு வழிகாட்டியாக அமர்த்தினார்கள். வந்தவருக்குத் தனித் தட்டும் பழைய சோறும் கொடுப்பது நம் வீடுகளுக்கு அழகன்று. பணியாளருக்கு நாம் உண்பதிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. அவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு, ஒரு பண்டிகை உண்டு. அதை முன்கூட்டியே கேட்டு வைத்து ஏற்பாடு செய்ய வேண்டும். முஸ்லிமாக இருந்தால் ஃபர்ளுத் தொழுகையின் நேரம் கூலியில் குறைக்கப்படாது என்பதும் ஃபிக்ஹ்.

நோயாளியின் இபாதத்தை ஏஜென்ஸிகள் எண்ணிப் பார்ப்பதேயில்லை. குழாய் பொருத்தப்பட்டவர், சிறுநீர் நில்லாதவர், எழ முடியாதவர் தொழத் தேவையில்லை என்று வீட்டாரே நினைத்துக்கொள்கிறார்கள். நினைவு இருக்கும்வரை, முடிந்த அளவில், தலை அசைவாலாவது தொழுகை உண்டு. நீர் ஆகாதவருக்குத் தயம்மும் உண்டு. வாங்கு சொன்னதும் கட்டிலைத் திருப்ப முடிந்தால் திருப்பி, தயம்முக்கு மண் தட்டை அருகில் வைத்து, பையை மாற்றிச் சுத்தப்படுத்திக் கொடுக்க ஒரு கிறிஸ்தவப் பெண்ணாலோ ஹிந்துப் பெண்ணாலோ முடியும். சொல்லிக் கொடுத்தால் போதும். நம் வாப்பாவுக்கு அந்த அக்கா அதைச் செய்தார். மண் தட்டின் மேல் ஈ உட்காராமல் ஒரு வெள்ளைத் துணி மூடி வைப்பார். அதை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

பணமுள்ள வீட்டுக்கு ஏஜென்ஸி. இல்லாத வீட்டுக்கு? பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற 2007-இல் இயற்றப்பட்ட சட்டம் வழி செய்கிறது. ஆனால் பிள்ளைக்கே வருமானம் இல்லாத வீட்டில் எந்தச் சட்டம் என்ன செய்யும்? கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டி முடித்த மருத்துவமனைக்கு விடப்பட்ட வக்ஃபில், வந்து தங்கும் நோயாளிகளுக்கு ஆண் பணியாளரும் பெண் பணியாளரும் தனித்தனியே நியமிக்கப்பட்டதோடு, வீட்டிலேயே கிடக்கும் ஏழை நோயாளிகளுக்கு மருந்தும் உணவும் அனுப்பவும் ஏற்பாடு இருந்தது. அத்தனை தொலைவு போவானேன்! கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் தெருத் தெருவாகத் தொண்டர்களைப் பழக்கி, படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு நர்ஸோடு செல்லும் அமைப்பாக வளர்ந்தது. அங்கே பெரும்பான்மையினர் நம் மக்கள். தமிழகத்திலும் 2021-இல் வீடு தேடி மருத்துவம் செய்யும் அரசுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. நம் ஜமாஅத்துகள் மய்யித்துப் பெட்டியையும் குளிப்பாட்டும் பலகையையும் சிறப்பாகப் பராமரிக்கின்றன. அதற்கு முந்திய ஏழு மாதத்துக்கு அவற்றிடம் ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு தண்ணீர் மெத்தை, ஒரு சக்கர நாற்காலி பள்ளியில் இருந்தால் எத்தனை வீட்டுக்கு உதவும்! அந்தத் தம்பியிடம், பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று கணக்கு வைத்து, ஜமாஅத்தோடு சேர்ந்து ஏழை வீடொன்றுக்கு ஆள் அனுப்பக் கேட்டிருக்கிறோம். கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். கணக்குப் பார்க்கட்டும், உடனே சரி என்று சொல்லியிருந்தால்தான் நமக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வாப்பா மௌத்தாகி ஒரு மாதத்துக்குப் பின் அந்த அக்கா வீட்டுக்கு வந்தார். பழைய நோட்டைக் கொண்டுவந்திருந்தார். வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிரவு பேசியதற்காகப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டோம். "அதை நான் அன்னைக்கே விட்டுட்டேன் பாய், ஐயா எனக்காகப் பேசினாங்களே" என்றார். பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது: கடைசி இரண்டு மாதச் சம்பளம் அவருக்கு வரவில்லை. நாம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியிலேயே ஏஜென்ஸிக்குப் பணம் கட்டியிருந்தோம். கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்தினோம். அது அவர் கைக்குப் போயிற்றா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஏஜென்ஸிக்குப் போனோம். பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், ஊரையே விட்டுப் போய்விட்டார்கள் என்றார்.

நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட கூலி. சட்டப்படி நம்மீது மீதியில்லை என்று ஒரு முஃப்தி சொல்லக்கூடும். சொன்னால் தவறும் இல்லை. ஆயினும் அந்த இரண்டு மாதப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினோம். "நீங்கதான் கட்டிட்டீங்களே, ரெண்டு தடவை வாங்கினா தப்பு" என்று மறுத்தார். நெடுநேரம் பேசி, இரண்டு இரவுக்கான கூடுதல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். நாம் தருவதாகச் சொல்லித் தராமலே இருந்த பணம் அது. மீதி எங்கள் பெட்டியில் தனியாக ஓர் உறையில் இருக்கிறது.

கிளம்பும்போது, வாப்பாவின் தண்ணீர் மெத்தை சும்மா கிடக்கிறதா என்று கேட்டார். இப்போது அவர் பார்த்துவரும் ஒரு பாட்டியிடம் மெத்தை இல்லையாம். மடித்து, கயிறு கட்டி, பஸ் ஏறும் இடம்வரை நாம் தூக்கிக்கொண்டு போனோம்.